முனிசிபல் வேலை

...வேற யார்கிட்ட போறது, ஜெலுத்தோங்ல நல்லம்மா டீச்சர் இருக்காங்கதான், சரித்திரம்னா அவங்கள அடிச்சுக்க ஆளில்ல, ஆனா அந்தம்மா டியூஷனுக்குப் பிள்ளையைச் சேர்க்குறதுக்கு முன்னாடி பாட்டன் பூட்டன் வரைக்கும் விசாரிக்கும், நீ யார் மகள்னு என்னைக் கேட்டா என்ன சொல்றது, உங்க வீட்டு வாசல் சாக்கடையை இருபது வருஷம் கழுவினாரே சின்னையா, அவர் மகள்னா?... மீனாட்சி நாற்காலியில் நிமிர்ந்தாள், மறுபடி சாய்ந்தாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், இவளுக்கோ மடி முழுக்கக் கனம். அதனால்தான் ஆயர் ஈத்தாம் சந்தைக்கு எதிரே யூசுப்பின் இந்த இன்டர்நெட் கடை, கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டர் வழியாகச் சரித்திரம் சொல்லித்தருகிற யாரோ ஒரு அர்ஜுனன். முகம் தெரியாத மனுஷன், ஊர் வம்பு கிடையாது. இதை யோசித்துப் பிடித்த தன் கெட்டிக்காரத்தனத்தில் காலையிலிருந்து அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

"லைன் கிடைச்சிருச்சுக்கா, இனிமே டைப் பண்ணலாம்லா," என்று சொல்லிவிட்டு யூசுப் போனான். பக்கத்து நாற்காலியில் மகள் சந்திரிகா காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு வயசு, கணக்கில் தொண்ணூறு, சரித்திரத்தில் நாற்பத்தொன்று. யாரைக் கொண்டு இந்த மறதி, மலாக்கா எந்த வருஷம் விழுந்தது என்றால் கூரையைப் பார்க்கிறாள்... காலை ஆட்டாதேடி. திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்து விழுந்தது. வணக்கம் சந்திரிகா, மலாக்காவை அடுத்த வாரம் பார்ப்போம், முதல் பாடம் உங்கள் வீட்டுச் சரித்திரம், அம்மாவின் அப்பா பெயர் என்ன, என்ன வேலை செய்தார்?

அட பாவி மனுஷா. இதுக்கா நான் நல்லம்மா டீச்சரை விட்டு ஓடி வந்தேன்?

சந்திரிகாவுக்கு இது அல்வா மாதிரிக் கேள்வி. சின்னையா, முனிசிபல் வேலை என்று ஒரே மூச்சில் தட்டிவிட்டாள். வீட்டில் எல்லோரும் சொல்வது அதுதானே. பெண் கேட்டு வந்த அன்று அப்பாவே சொன்னதும் அதுதான், "முனிசிபல்ல இருந்தேங்க", அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. புருஷன் தியாகராஜா வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள், மூன்று தலைமுறையாகக் கிளார்க்கு உத்தியோகம், அவர்கள் காதில் முனிசிபல் என்றால் மேசை, நாற்காலி, பேனா. உள்ளே சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்த மீனாட்சி வாய் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். அப்பா அன்றைக்கு இரண்டு தடவை குளித்துவிட்டு வந்திருந்தார், அப்படியும் கையை முழங்காலுக்கடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து வெட்கப்பட்டோமே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது, இருந்து என்ன, மனுஷன் போய் ஒன்பது வருஷமாச்சு...

திரை மறுபடி அசைந்தது. முனிசிபலில் என்ன வேலை?

மூன்றே சொல், அவ்வளவுதான். கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லையே... இல்லை, கேட்டார், புருஷனின் பெரியப்பா விநாசித்தம்பி ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டார். "உங்கட அப்பா எந்த டிபார்ட்மெண்டில இருந்தவர்?" இவள் வாயில் சோறு அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துத் தியாகராஜா, "இங்க பாயசம் வரேல்ல," என்று கத்தினார், இனிப்பையே தொடாத மனுஷன், இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தார். பெரியப்பாவும் சிரித்துக்கொண்டே இலையில் குனிந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அவரைத் திட்டினாள், சபையில் இப்படியா பாயசத்துக்குப் பறப்பது என்று. அவர் பதிலே சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை?

"அம்மா, சார் காத்திருக்காரு. தாத்தா என்ன வேலைம்மா?"

மீனாட்சி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். அன்றைக்குப் பாயசத்துக்குக் கத்தின தியாகராஜாவுக்குத் தெரியும். பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்கும், நல்லம்மா டீச்சருக்குத் தெரியாமலா. அப்படியென்றால் இத்தனை வருஷமும் மூடி மூடி வைத்தது யாருக்கு, இதோ பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பார்க்கிற இந்த ஒருத்திக்கு மட்டும்தானா?