இருவரும் கேட்டது ஒன்றே

மெக்கானிக்கின் மனைவிக்கு வயிற்றில் புற்றுநோய். இனிக் குணப்படுத்த வழியில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனையில் சொன்னதிலிருந்து அவர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கட்டிலடியிலேயே பழியாகக் கிடந்தார். அவள் புரண்டு படுத்தால் "என்னம்மா?" இருமினால் "தண்ணி வேணுமா?" கண்ணை மூடினாலோ மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பார்.

வாரந்தோறும் வீட்டுக்கு வந்து அவளைக் கவனிக்கும் நர்ஸ், டாக்டரிடம் கேட்டு மார்ஃபினைக் கூட்டிக் கொடுத்த பிறகு வலி அடங்கியிருந்தது. அன்று படுக்கைப் புண்ணைத் துடைக்க வெந்நீர் எடுத்துவர மெக்கானிக் உள்ளே போனதும், அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், வலியத் தாங்கிட்டேன், இவரத் தாங்க முடியல. அடைகாக்குற மாதிரி உக்காந்திருக்காரு. நிம்மதியா அழக்கூட முடியல. கொஞ்ச நேரம் வெளிய அனுப்புங்களேன். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, ஒடஞ்சிடுவாரு."

நர்ஸ் கிளம்பும்போது வாசல்வரை வந்த மெக்கானிக், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சிஸ்டர், ஒரு மணி நேரம் கடைக்குப் போயிட்டு வந்தா தப்பா? அவ இப்படிக் கிடக்குறப்ப எனக்கு இப்படி ஒரு ஆச. நான்லாம் மனுஷனா?"

நர்ஸுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "இத அக்காகிட்டயே கேளுங்கண்ணே" என்று அவரை உள்ளே கூட்டிப் போனார்.

அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மென்று விழுங்கினார். "இல்ல... கடைக்கு ஒரு நடை..."

"போங்க!"

"கோவமா?"

"கோவமா? எப்படா போவீங்கன்னு காத்துக்கிட்டிருக்கேன்." சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. துடைக்க அவர் கை நீட்டவில்லை.

அவர் கடைக்குக் கிளம்ப, அடுத்த தெருவிலிருந்து அவருடைய அக்கா வந்து முன்னறையில் உட்கார்ந்தாள். கூப்பிட்டால்தான் உள்ளே வர வேண்டும் என்று பேச்சு. கதவைச் சாத்தியதும் கட்டிலில் கிடந்தவள் ஆசை தீர அழுதாள். பிறகு ரேடியோவில் பாட்டுக் கேட்டபடியே தூங்கிப்போனாள்.

மாலையில் சட்டையெல்லாம் கிரீஸோடு அவர் வந்து நின்றார். வந்ததும் வராததுமாக, தம்பி ஒரு கியர்பாக்ஸைக் குதறி வைத்திருந்த கதையை ஆரம்பித்துவிட்டார். வலிக்கிறதா என்று கேட்கவே மறந்துபோனார்.

அவள் அவர் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அழுக்கு ஒட்டும்டி."

"ஒட்டட்டும். அப்புறம் அந்த கியர்பாக்ஸ் என்னாச்சு? அதச் சொல்லுங்க."