பச்சை மஃப்ளருக்குள் ஒரு துள்ளல்

எங்கள் அணி ரசிகர்களுக்கு ஒதுக்கிய பக்கத்தில் டிக்கெட் தீர்ந்துவிட்டதால், பக்கத்து ஊர் கால்பந்து மைதானத்தில் அந்த ஊர்க்காரர்கள் நடுவிலேயே உட்கார்ந்தேன். அந்த ஊரில் குடியிருக்கும் மச்சினன்தான் டிக்கெட் வாங்கித் தந்து, அவர்களுடைய பச்சை மஃப்ளரையும் என் கழுத்தில் சுற்றிவிட்டான்.

"மாமா, வாயைத் திறந்தீங்க, உங்களோட சேர்த்து எனக்கும் விழும்."

"துணிக்கடையில வளர்ந்தவன்டா நான். பிடிச்ச சரக்கைப் பிடிக்காத மாதிரி பார்க்க எனக்கே சொல்லித் தர்றியா?"

தோற்றால் எங்கள் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். டிரா செய்தால் பிழைக்கும். அவர்கள் கோல் போட்டபோது நானும் கை தட்டினேன். வயிறு எரிந்த புகை முகத்துக்கு வரவில்லை.

கடைசி நிமிடத்தில் எங்கள் ஆள் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. இத்தனை வருட வியாபார முகம் ஒரு நொடியில் கிழிந்தது. "கோல்!" என்று துள்ளி எழுந்தேன். அந்தப் பக்கம் முழுக்க எழுந்தது நான் ஒருத்தன்தான். அப்புறம்தான் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கியிருப்பதைப் பார்த்தேன். ஆஃப்சைடு. கோல் செல்லாது.

மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழும் என்று நானும் தோளைக் குறுக்கினேன். பின்னால் இருந்த தடியன் அந்தத் தோளைத் தட்டி, தன் டீயை நீட்டினான்.

"உட்காருங்கண்ணே. பாவம், உங்களுக்கும் ஆசை இருக்காதா?"

அடித்திருந்தால், இன்னும் நம்மை எதிரியாக மதிக்கிறார்கள் என்று தேறியிருப்பேன். கடையில் பேரம் பேசாமல் சொன்ன விலையைக் கொடுக்கிறவன் ஒன்று ஏமாளி, இல்லாவிட்டால் நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவன். அவன் முகத்தில் ஏமாளியின் களை இல்லை. டீயை வாங்கிக் குடித்தேன்.