சாட்டிக்கு மட்டும் வேண்டாம்

என்னைப் பெண் பார்த்தது சாட்டிக் கடற்கரையில். 1964ஆம் ஆண்டு, சித்திரை மாதம், மண்டையைப் பிளக்கிற வெயில்.

எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்து, கதிரையில் இருந்து, பலகாரம் சாப்பிட்டுப் பெண் பார்ப்பதை அவ்வளவாக விரும்பமாட்டார்கள். வந்தவர்கள் வேண்டாம் என்று போய்விட்டால் புங்குடுதீவு முழுக்க அதைப் பத்து வருடம் பேசும். அதனால் இரண்டு வீட்டாரும் ஏதாவது கோயில் திருவிழாவிலோ கடற்கரையிலோ தற்செயலாகக் கூடுவார்கள். கூடினாலும் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும். பெண் இன்ன நிறச் சீலையில் இருப்பாள் என்று மட்டும் முதலே சொல்லி அனுப்புவார்கள். பிடித்தால் ஆள் வரும். பிடிக்காவிட்டால் எல்லாரும் கடல் குளிக்கப் போனவர்கள்தான், வேறொன்றுமில்லை.

என்னுடைய அடையாளம் கத்தரிப்பூ நிற நைலெக்ஸ் சீலை. காலையில் அவசரத்தில் சட்டையின் பின்பக்கக் கொளுக்கி ஒன்று கழன்றுவிட்டது. தைக்க நேரமில்லாமல் ஒரு ஊசியைக் குத்திக்கொண்டு காரில் ஏறினேன். அண்ணன் பாலசிங்கம்தான் காரைப் பிடித்திருந்தார். அம்மா பனையோலை விசிறியும் கட்டுச்சோறும் எடுத்து வந்தார்.

பனைகளுக்குக் கீழே இரண்டு பாய்கள் விரித்தோம். ஒன்று எங்களுடையது. கூப்பிடு தூரத்தில் மற்றது மாப்பிள்ளை வீட்டாருடையது. கடலைப் பார்த்தால் வெளிச்சத்தில் முகம் சுருங்கும் என்று அம்மா என்னைக் கடலுக்கு முதுகு காட்டி இருத்தினார். தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, தலை நிமிரக் கூடாது. சந்தையில் கட்டிவைத்த ஆடு கூடச் சுற்றிப் பார்க்கும். எனக்கு உள்ளே கொதித்தது.

ஒரே ஒரு தடவை களவாக நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரும்பவும் கடலை. மாறுகண்ணோ என்று நினைத்தேன். சட்டென்று எழும்பி எங்கள் பாயைத் தாண்டித் தண்ணீர்க் கரைக்குப் போனார். நெடுநேரம் அங்கேயே நின்றார். அவருடைய பெரியம்மா இராசமணி இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. சரி, இந்தக் கதை இத்தோடு முடிந்தது என்று முடிவு கட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் சிரித்துக்கொண்டு வந்தார்.

"சிவபாதம் ஓமெண்டிட்டான். ஆவணிக்கை முடிக்கவேணுமெண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறானாம்."

அப்படித்தான் என் கலியாணம் நடந்தது.

அவருக்குக் கொழும்பில் கந்தோரில் எழுத்து வேலை. லீவு கிடைக்கும்போதெல்லாம் ஊருக்கு வருவார். வந்தால் வீட்டில் இருக்கமாட்டார், என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். எங்கள் ஊரில் எந்தப் புருஷனும் பெண்சாதியை இப்படி ஊர் சுற்றிக் காட்டியதில்லை. நயினாதீவுக்கு வள்ளத்தில் போனோம். நெடுந்தீவில் மனுவேல் என்பவரின் மாட்டுவண்டியில் ஏறி, கல்வேலிகளுக்கு நடுவே ஒரு முழுப் பகல் திரிந்தோம். ஒரு குடும்பமே உள்ளே குடியிருக்கலாம் போன்ற பெருக்கமரத்தின் பொந்துக்குள் நின்றோம். வெட்டைவெளியில் குதிரைகள் மேய்வதைப் பார்த்தோம். ஊர்காவற்றுறைக் கரையில் இருந்து, கடலுக்கு நடுவில் நிற்கும் கோட்டையைப் பார்த்தபடி கச்சான் கடலை சாப்பிட்டோம். வள்ளத்தில் ஏறினால் இறங்கும்வரை என் மணிக்கட்டை விடமாட்டார். மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சாட்டிக்கு மட்டும் கூட்டிப் போகவில்லை.

எல்லாரும் போகிற இடம் அது. கடலில் குளித்து, கரையிலேயே இருக்கிற கிணற்றில் உப்புப் போக அள்ளி வார்த்து, பனை நிழலில் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு வரலாம். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இனிக்கும். யாழ்ப்பாணப் பட்டணத்துச் சனம் கூடப் பஸ் பிடித்து வரும். எங்கள் பஸ் சாட்டிக்குக் கிட்டே மண்கும்பானைத் தாண்டும்போது அவர் மட்டும் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார். கேட்டால், "சாட்டிக்கு மட்டும் வேண்டாம்" என்பதோடு வாய் மூடிவிடும்.

காரணத்தின் வாலை நான் முதலிலேயே பிடித்திருந்தேன். கலியாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். முழுகிவிட்டுத் தலையைத் துவட்டியபடி எதற்கோ சிரித்துக்கொண்டு குசினிக்குள் வந்தேன். அவர் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை கீழே விழுந்தது.

"அண்டைக்கும் இப்பிடித்தான், ஈரத் தலையோடை சிரிச்சனீர்."

"எண்டைக்கு?"

"சாட்டியிலை."

"நான் அண்டைக்குத் தண்ணியிலை காலே வைக்கேல்லை. சிரிக்கவுமில்லை."

அவர் கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். பிறகு நிமிராமலே சொன்னார்: "அந்தக் கத்தரிப்பூச் சீலையை ஆருக்கும் குடுத்துவிடும். இனிக் கட்டவேண்டாம்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் கடலில் இன்னொருத்தி குளித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என்னுடையதைப் போன்ற சீலை, ஈரக் கூந்தல், சிரிப்பு. அவள்தான் பெண் என்று நினைத்து இவர் ஓம் என்றிருக்கிறார். மணவறையில் வந்து இருந்தது நான். இவள்தான் பெண் என்று யாரும் கை காட்டாத எங்கள் வழக்கத்தில் இந்தப் பிழை நடக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

அவர் என்னை அடித்ததில்லை, ஏசியதில்லை. அதுதான் தாங்கவில்லை. அந்த அன்பு முழுவதும் வேறு யாருக்கோ வந்து என்னிடம் தவறிச் சேர்ந்தது என்று நினைக்கிறபோதெல்லாம் நெஞ்சு எரிந்தது. சீலையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அலுமாரியில் அடித்தட்டில் மடித்து வைத்தேன்.

ஒருநாள் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அன்றைக்குக் கடலில் வேறு யார் குளித்தது என்று.

"ஒருத்தருமில்லை. எங்கடை ரெண்டு வீட்டையும் விட்டா, கிணத்தடியிலை ஜசிந்தா அக்கா மட்டும்தான் நிண்டவ. ஏன் கேக்கிறாய்?"

ஜசிந்தா அக்கா அங்கே மீன்பிடிக்கிற குடும்பத்து மனுசி. வருகிறவர்களுக்கு வாளி கொடுத்து வாங்குவார். அவருக்கு அப்போதே ஐம்பது வயது. அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஒருத்தி இருந்தால் அவளோடு மல்லுக்கட்டலாம். இல்லாத ஒருத்தியோடு என்ன செய்வது?

அப்படியே மூன்று வருடம் போயிற்று. இடையில் அம்மா மாசி மாதத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அந்தச் சித்திரையில் அவர் லீவில் வந்தபோது என் பொறுமை முடிந்துவிட்டது.

"அவள் ஆர்?"

"ஒருத்தியுமில்லை, இராசேஸ்வரி."

"அப்ப என்னைச் சாட்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"வேறை எங்கையெண்டாலும் கேளும்."

"எனக்கு வேறை ஒரு இடமும் வேண்டாம்."

அவர் கும்பிடுவது போல இரண்டு கையையும் எடுத்தார், பிறகு கீழே விட்டார். அடுத்த நாள் காலை அவர் மீன் வாங்கப் போன நேரம், அலுமாரியைத் திறந்து கத்தரிப்பூச் சீலையை எடுத்துக் கட்டினேன். அண்ணன் பெண்சாதியிடம் எங்கே போகிறேன் என்று உரக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவள் நின்ற இடத்தில் நான் நிற்பேன். அவர் எந்த ஈரத் தலையைக் கண்டு மயங்கினாரோ அந்த ஈரம் என் தலைக்கும் வரட்டும். என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

கரையில் சனம் இல்லை. கிணற்றடியில் ஜசிந்தா அக்கா உடுப்பு அலசிக்கொண்டு நின்றார். சீலையோடு கடலில் இறங்குகிற என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பிள்ளை, அந்தக் கறுத்தக் கல்லுக்கு அங்காலை போகாதை. ஆழக் கிடங்கு."

தலையாட்டிவிட்டு இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால், இடுப்பு, பிறகு கறுத்தக் கல். கொண்டையை அவிழ்த்து ஒரு முழுக்குப் போட்டு எழுந்தேன். எழுந்தபோது சத்தம் இல்லை. அலையின் சத்தமும் இல்லை, பனையோலைச் சத்தமும் இல்லை. காதுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று தலையைத் தட்டிக்கொண்டு கரைப்பக்கம் திரும்பினேன்.

பனைகளுக்குக் கீழே இரண்டு பாய்கள் விரித்திருந்தன.

ஒன்றில் அம்மா இருந்தார். மாசியில் நான் வாய்க்கரிசி போட்ட அம்மா. பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கத்தரிப்பூச் சீலையில் ஒருத்தி, எனக்கு முதுகு காட்டி, தலையைக் குனிந்தபடி இருந்தாள். அவளுடைய சட்டையின் பின்பக்கத்தில் வெயில் பட்டு ஒரு ஊசி மினுங்கியது.

என் முதுகை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பினால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார் அல்லவா.

அவளுக்கு அப்பால், மற்றப் பாயில், மெலிந்த ஒரு பெடியன் புதுச் சேர்ட்டோடு இருந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னைத்தான். வேறு ஒருத்தியும் இருக்கவில்லை. மூன்று வருடமாக நான் எரிந்தது என்மேலேயே. பயத்துக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பெடியன் அதைக் காண்பதையும் கண்டேன். சிரித்த வேகத்தில் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

கீழே நிலம் இல்லை.

சீலை காலைச் சுற்றியது. ஒருமுறை மேலே வந்தபோது, கரையில் ஒரு சைக்கிள் மணலில் சரிவதும், சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு ஆள் ஓடி வருவதும் தெரிந்தன. முன்நெற்றி ஏறத் தொடங்கிய அந்தத் தலையை எனக்குத் தெரியும். அவர் அம்மா இருந்த பாய்க்குள்ளாகவே ஓடி வந்தார். அம்மா விலகவும் இல்லை, விசிறியை நிறுத்தவும் இல்லை. எங்கள் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் "சிவபாதம்" என்று கத்தினேன். பிறகு வாய் நிறையக் கடல்.

அவருக்கு நீந்தத் தெரியாது. ஒரு கையால் கறுத்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் கூந்தலைப் பிடித்து இழுத்திருக்கிறார். எனக்கு நினைவு வந்தபோது கிணற்றடியில் கிடந்தேன். அலைச் சத்தம் திரும்ப வந்திருந்தது. ஜசிந்தா அக்கா என் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பனைப்பக்கம் பார்த்தார்.

"உங்கடை ஆக்கள் அதிலை இருந்தவை, இவ்வளவு நடந்தும் ஒருத்தரும் எழும்பி வரேல்லை. எங்கை போட்டினம்?"

நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தோம். அங்கே மணலும் நிழலும்தான் இருந்தன. அவர் என் பக்கத்தில் குந்தியிருந்தார். கல்லில் உரசிய கையில் இரத்தம் வடிந்தது.

"அண்டைக்குக் கண்டது இதுதான்," என்றார். "சிரிச்சீர். பிறகு தண்ணிக்கை போட்டீர். நான் கரைக்கு ஓடிவந்து பாத்தனான், கடல் வெறுமையாய்க் கிடந்தது. திரும்பினா நீர் பாயிலை இருக்கிறீர், தலை காய்ஞ்சபடி. கடலுக்கை நிண்ட முகம் கொஞ்சம் முத்தின முகம். அப்ப அது இனித்தான் வரப்போகுதெண்டு விளங்கினது."

"இதை முதலே சொல்லியிருந்தா நான் இந்தப் பக்கமே வந்திருக்கமாட்டன்."

"சொன்னா நடந்துபோடுமெண்டு பயந்தனான்."

சொல்லாததால்தான் நடந்தது. இந்த ஆம்பிளைகளின் மூளையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று வந்த கோபத்தில் எழுந்து இருந்தேன். ஆனால் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது.

"கடலோடை போகப்போறவள் எண்டு தெரிஞ்சுகொண்டு, ஏன் ஓமெண்டனீங்கள்?"

அவர் என் கூந்தலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"நான் மாட்டனெண்டா வேறை ஆரோ ஒருத்தன் உம்மைக் கட்டுவான். அவனுக்கு இது தெரியாதே. தெரிஞ்ச ஒருத்தன் கரையிலை நிக்கவேணும், இராசேஸ்வரி."

ஜசிந்தா அக்காவிடம் வாளியை வாங்கி, கிணற்றில் அள்ளி, அவருடைய கையைக் கழுவிவிட்டேன்.