வள்ளத்தின் பங்கு

கணக்கு இதுதான்: மூன்று பேர் கடலில் வலை போட்டு மீன் பிடித்தார்கள், சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு என்ன பின்னம் வரும்? நான் ஐந்தில் ஒன்று என்று எழுதினேன். கம்சா ரீச்சர் சிவப்புப் பேனையால் வெட்டினார்.

"மூண்டு பேருக்கு எப்பிடி அஞ்சு பங்கு வரும், யூலிற்றா?"

"ஆளுக்கு ஒண்டு, வள்ளத்துக்கு ஒண்டு, வலைக்கு ஒண்டு, ரீச்சர்."

"கணக்கில வள்ளம் இல்லைப் பிள்ளை."

"அப்ப அவையள் நீந்தியே கடலுக்குப் போனவை?"

வகுப்பு சிரித்தது. ரீச்சர் பலகையில் ஒரு வட்டம் கீறி மூன்றாகப் பிரித்தார். அதில் பிழை இல்லை என்று தெரிந்தது. என் விடையிலும் பிழை இல்லை. பிறகு எதற்கு வெட்டு? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அப்பா ஷெல்லடியில் செத்த பிறகு, அவருடைய வள்ளத்திலும் வலையிலும் மரியநாயகம் மாமாதான் வேறு இரண்டு பேரோடு தொழிலுக்குப் போகிறார். வள்ளத்தின் பங்கும் வலையின் பங்கும் எங்கள் வீட்டுக்கு வரும். அதில்தான் அடுப்பு எரிகிறது.

"இப்ப விளங்குதோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"ஓம் ரீச்சர்," என்றேன். ஒன்றும் விளங்கவில்லை. அந்த வட்டம் முழுவதும் மூன்று பேருக்கே முடிந்துவிட்டது. அம்மா எதைச் சமைப்பா?