குணபூசணியைச் சுற்றியிருந்த வெக்கை

1988 முதல் பிரிக்பீல்ட்ஸில் குணபூசணியின் பக்கத்தில் காயப்போட்ட துணி நாள் முழுக்க ஈரமாகவே கிடந்தது. அவளிடமிருந்து நாற்பது அடி தள்ளிப் போட்டது கால் மணியில் காய்ந்தது. அந்த வருஷம் ஓய்வுபெற்ற ரயில்வே தலைமைக் கிளார்க்கான அவள் கணவர் சீவரத்தினம் வெப்பமானி வாங்கி அளந்தார். அவள் கையில் வழக்கமான சூடு, சமைக்கிற குசினி வாசலில் அதைவிடக் குறைவு. படி தாண்டியதும் பாதரசம் விறுவிறுவென்று ஏறி, எதிர்வீட்டு வேலாயுதத்தின் கேட்டருகே ஏற இடமில்லாமல் நின்றது. அத்தனை சூட்டிலும் யாரும் வேகவில்லை, அங்கே அது அவ்வளவு மெலிதாக இருந்தது.

சீவரத்தினம் ஒரு ஃபைல் திறந்தார். குற்றம் தெரிகிற இடத்தில்தான் குற்றவாளி இருப்பான் என்பது அவருடைய ஆபீஸ் பாடம். மனைவியை இழந்த லோரி டிரைவரான வேலாயுதம் வேறு, “அண்ணே, இங்க உட்கார்ந்தா முட்டி வலியே இல்லலா” என்று வெள்ளந்தியாகச் சொல்லிவைத்தார். சீவரத்தினத்துக்குச் சுருக்கென்றது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் தனக்கில்லாத சூடு எதிர்வீட்டுக்காரனுக்கா? அவள் எத்தனை தடவை ஜன்னலைப் பார்க்கிறாள் என்று ஏழு வருஷம் குறித்தார். அவர் குறிப்பதை அவளும் பார்த்தாள். கடைசியில் அவளைக் கிளாங்கிலுள்ள தங்கை வீட்டுக்கே அனுப்பிவிடுவதென்று முடிவெடுத்து, பையையும் தானே கட்டினார்.

1995 அக்டோபர் 24, சூரிய கிரகணம். கழிந்ததும் பயணம். மத்தியான வெளிச்சம் மங்க, பேப்பர் படித்தார். சூரியனின் மேற்பரப்பு ஆறாயிரம் டிகிரிதானாம். அதற்கு மேலே வெகு மெலிதாகப் பரந்த, கிரீடம் என்ற வாயுப் படலமோ பத்து லட்சத்தையும் தாண்டுமாம். சூரியனை மறைத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியுமாம். காந்தக் கோடுகள் வழியே ஏறும் அலைகள் அதைச் சுடவைக்கின்றன என்றது விஞ்ஞானிகளில் ஒரு கட்சி. எண்ணற்ற குட்டிக் குட்டி வெடிப்புகள் என்றது இன்னொன்று. ‘சாட்சி போதாது’ என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் பேப்பரைத் தூக்கிப் பிடித்தார். எதிரே இருந்த குணபூசணி அதற்குப் பின்னால் முழுக்க மறைந்தாள்.

பேப்பரைச் சுற்றிலும் முத்து வெள்ளையில் இழைகள் தெரிந்தன. சில வளைந்து அவளிடமே திரும்பின, சில நீண்டு வாசலைத் தாண்டிப் போயின.

“காலமைத் தேத்தண்ணியில சீனி கூட” என்று வழக்கம்போல் குறை சொன்னார். அவள் சொல்ல வந்த பதிலை விழுங்கினாள். ஒரு துளிப் பொறி கிளம்பி, இழை வழியே ஓடி, எதிர் கேட்டருகே அணைந்தது. கிளார்க் அல்லவா, மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மூன்று பொறி. அவருக்கு வெட்கமாக இருந்தது.

“நீர் என்னவோ சொல்ல வந்தீர்.”

“கலியாணம் கட்டின நாள் தொட்டு முப்பத்தொரு வருசமாச் சொல்ல வந்தனான். நீங்கள்தான் விடேல்லை.”

பையைப் பிரித்தார். ஃபைலில் குற்றவாளியின் பெயருக்கான இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். நாற்காலியைத் தூக்கிப் போய் வேலாயுதத்தின் பக்கத்தில் போட்டு, அந்த வெக்கையில் உட்கார்ந்தபடி, “சொல்லும், கேக்கிறன்” என்றார். அவள் வாசலில் நின்று சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிய 1997 ஆகிவிட்டது. அதற்குள் அந்தத் தெருத் துணிகளும் மற்றத் தெருக்களில் போலவே காய ஆரம்பித்தன. வேலாயுதம் முட்டிக்குத் தைலம் வாங்கிக்கொண்டார்.