நெல்சன் கட்டிய கல்யாணக் கார்

அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் மாடியில் துணி காயப்போடும் இடத்திலிருந்து நெல்சன் வீட்டுக் கொட்டகை முழுசாகத் தெரிகிறது. வெயில் அந்தப் பக்கம்தான் நன்றாக அடிக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

அந்தக் கொட்டகையில் நெல்சன் இரண்டு வருஷமாக ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். உடம்பு, வில்லியனூர்ப் பக்கம் ஒரு கொல்லையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய பிரெஞ்சுக் கார். மோட்டாரும் பேட்டரியும், வீராம்பட்டினத்துக் கண்ணையன் மீன் ஏற்றியே ஒழித்துக்கட்டிய பேட்டரி ஆட்டோவிலிருந்து வந்தவை. ஓட்டுகிறவருக்கு, மூடிப்போன சலூன் ஒன்றின் சுழல் நாற்காலி. காரின் மூக்கில் பித்தளைச் சேவல். கோழியை விரட்டிவிட்டுச் சேவலை ஏன் ஏற்றினார் என்று தெருவே கேட்டது.

"அது பிரான்சோட சின்னம். உங்களுக்கு எங்க புரியப்போவுது" என்றார்.

பிரான்சுக்குப் போனது அவர் அண்ணன் பிரான்சுவா. இவர் போனது, அண்ணனை வழியனுப்ப மீனம்பாக்கம் விமான நிலையம் வரைக்கும்.

மனைவி ஸ்டெல்லாமேரி விசேஷங்களுக்குச் சாப்பாட்டு ஆர்டர் எடுப்பவள். அண்டாவை வைத்தால் ஆள் நிற்க இடமில்லாத அடுப்படி. கொட்டகை மேல் அவளுக்கு ரொம்ப நாளாகவே கண். மகள் ரூபிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் சண்டை வெடித்தது. அவர்கள் கத்தினார்கள், எனக்குக் கேட்டது.

"இன்னாங்க, இந்தக் கோழிக்கூண்ட நீங்களே எடைக்குப் போடுறீங்களா, நான் போடட்டுமா?"

"ரூபி இந்தக் கார்லதான் கோயிலுக்குப் போவும். நான் கொண்டுபோய்ச் சேக்கலன்னா கொட்டகைய நீ எடுத்துக்க. அடுப்பு போடு, ஆப்பம் சுடு, இன்னா வேணா செய்."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியமா!"

கல்யாணத்தன்று காலையில் காருக்கு மல்லிகைச் சரம் சுற்றியாயிற்று. பங்குச் சாமியார் வந்து தீர்த்தத்தை அளவாகத் தெளித்து, ஜெபம் சொல்லிவிட்டு, பூசைக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணையன் அம்மன் கோயிலிலிருந்து ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரோடு வந்து சேர்ந்தான்.

"டயருக்குக் கீழ எலுமிச்சம்பழம் வெச்சா ஆச்சாண்ணே? எஞ்சின்ல படணும். எம் போட்டுக்கே அப்பிடித்தான் ஊத்துவேன்."

படகில் இருப்பது டீசல் எஞ்சின். இங்கேயோ, பின்சீட்டு மணப்பெண்ணுக்கு என்று, பேட்டரியும் மோட்டாரின் மூளையான கன்ட்ரோலர் பெட்டியும் முன்பக்கம்தான் இருந்தன.

"வயர் மேலயா ஊத்துவீங்க?" என்றாள் ஸ்டெல்லாமேரி.

"ஒண்ணும் ஆவாது. நானே ஊத்தறேன்" என்று பானெட்டைத் திறந்தார் நெல்சன். செம்பு காலியானது. ஒரு பக்கம் மட்டும் செய்தால் மற்றப் பக்கம் கோபித்துக்கொள்ளுமே என்று வேளாங்கண்ணித் தீர்த்தம் ஒரு பாட்டிலையும் கவிழ்த்தார்.

கார் சத்தமே இல்லாமல் கிளம்பியது. வழியில் படுத்திருந்த நாய்கூட எழுந்திருக்கவில்லை. நெல்சன்தான் சலூன் நாற்காலியோடு இப்படியும் அப்படியும் சுற்றிக்கொண்டு போனார். பின்னால் ஆட்டோவில் ஸ்டெல்லாமேரி. இடம் இருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். இரண்டு தெரு நன்றாகத்தான் போனது. பிராந்திக் கடை முன்னால் சேவலுக்குக் கீழிருந்து புகை வந்தது. கார் நின்றது.

"எறங்கட்டுமாப்பா?" என்றாள் ரூபி.

"எறங்காத! எறங்கினா நான் தோத்துடுவேன்."

"கல்யாணம் எனக்கா, உங்களுக்காப்பா?"

முனையில் காரைக்கால் சம்பந்தி வீட்டார் பேண்டு வாத்தியத்தோடு காத்திருந்தார்கள். ஸ்டெல்லாமேரி அவர்களைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, காரின் பின்னால் கை வைத்தாள். கடையிலிருந்து நிதானமாக இருந்த இரண்டு பேர் ஓடிவந்தார்கள். கார் நகர்ந்தது. நெல்சன் வெட்கமே இல்லாமல் எல்லாருக்கும் கையாட்டிக்கொண்டு வந்தார்.

மாப்பிள்ளையின் மாமா பின்பக்கம் வந்து பார்த்துத் திகைத்தார். "ஏம்மா, உங்க பாண்டிச்சேரியில பொண்ணைத் தள்ளிக்கிட்டு வர்றதுதான் முறையா?"

"ஆமாங்க. பொண்ணோட தாயார் ஆரம்பிச்சு வெக்கணும். மாப்பிள்ளை வூடு முடிச்சு வெக்கணும்."

மாமா கோட்டைக் கழற்றினார். அதற்கப்புறம் கார் கோயில் வாசலில்தான் நின்றது.

பூசை முடிந்ததும் நெல்சன் கோயில் படியிலேயே பிரெஞ்சில் ஆரம்பித்துவிட்டார்.

"வுவாலா! கொண்டாந்து சேத்துட்டேன் பாத்தியா? கொட்டகை எனக்கு."

ஸ்டெல்லாமேரி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "யாரு சேத்தது? நீங்க உக்காந்து கைய ஆட்டுனீங்க. தள்ளுனது நானு."

"செல்வாம்பாக்கா, நீங்க சொல்லுங்க" என்று என்னைப் பிடித்தார். எனக்கு வம்பு பிடிக்காது. ஆனாலும் கேட்டுவிட்டாரே; கண்ணால் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அங்கே நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

நெல்சன் காரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப கார எங்க நிறுத்தறது?"

"ஏன், மாப்பிள்ளை வூட்டுக்கே தள்ளிக்கினு போவட்டும்" என்றாள் ஸ்டெல்லாமேரி. "அதுவும் எங்க ஊரு மொறைதான்னு சொல்லிடறேன்."