எஸ்தரின் வாஷர்

எங்கள் கல்லூரிக்கு அந்த ஆண்டு எப்படியாவது ஒரு காப்புரிமை வேண்டியிருந்தது. தரச்சான்று கொடுக்க வருகிற குழு அதைத்தான் முதலில் கேட்குமாம். தாளாளர் பாண்டியராஜன் ஆசிரியர் கூட்டத்தில், "இம்புட்டுப் பேரு ஆராய்ச்சி பண்றீக, ஒண்ணுகூடவா தேறாது?" என்று கேட்டுவிட்டு, தேற்றி எடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார். நான் வணிகவியல் ஆசிரியன். மதியம் வகுப்பில்லாதவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

ஆனாலும் உட்கார்ந்து படித்தேன். புதிதாக இருக்க வேண்டும், விஷயம் தெரிந்தவனுக்கும் சட்டென்று தோன்றக் கூடாது, உபயோகப்பட வேண்டும். இந்தச் சல்லடையோடு துறை துறையாக ஏறி இறங்கினேன். வேதியியலில் வேப்பிலைச் சோப்பை நீட்டினார்கள். வேப்பிலை உடம்புக்கு நல்லது என்பதைத் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக நிஜமாகவே நம்பினார்கள், பாவம். கணினித் துறை ஆன்சன் வருகைப்பதிவுக்கு ஒரு செயலி வைத்திருந்தார். எப்படிச் செய்தீர்கள் என்றதற்கு, இணையத்தில் எடுத்ததுதான் என்றார் ஒளிவுமறைவு இல்லாமல்.

இயற்பியலில் எஸ்தர் இருந்தார். கோச்சடையிலிருந்து பஸ்ஸில் வந்து, யாரோடும் அதிகம் பேசாமல் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர். சொட்டுநீர்க் குழாயில் நீரழுத்தம் பற்றி அவருடைய ஆய்வு. அதை எத்தனையோ பேர் செய்தாயிற்று. ஆனால் அவர் மேஜைக் குழாயில் மட்டும் உப்பு அடைக்கவில்லை. எங்கள் பக்கத்துப் போர்த்தண்ணீருக்கு அது நடக்கிற காரியமில்லை. கேட்டேன். துளைக்குள் ஒரு ரப்பர் வாஷர் வெட்டிப் போட்டிருந்தார். அதில் சாய்வான கீறல்கள். மோட்டார் போடும்போதெல்லாம் கீறல் விரிந்து உப்பைத் தானே உதிர்த்துவிடும். சாய்வின் அளவில்தான் சூட்சுமம்.

"இதுவா சார்? ஆய்வுக்கு நடுவுல அடைச்சுக்கிட்டே இருந்துச்சு. தொந்தரவு தாங்காம வெட்டிப் போட்டேன்" என்றார்.

தேடிப் பார்த்ததில் உலகத்தில் எங்கேயும் அப்படி ஒன்று இல்லை. வழக்கறிஞர் விஸ்வநாத்தும் இது தேறும் என்றார். ஒரே நிபந்தனை, விண்ணப்பிக்கும்வரை வெளியாள் கண்ணில் படக் கூடாது. பட்டால் புதுமை போயிற்று. இதைச் சொன்னபோது எஸ்தர் ஒன்றைத்தான் கேட்டார்.

"கண்டுபிடிச்சவங்கன்னு என் பேரு வருமா சார்?"

அவர் எழுதிய கட்டுரைகளில் வழிகாட்டியின் பெயரே முன்னால் நின்றிருக்கிறது. சட்டப்படி வந்தே ஆக வேண்டும் என்றேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

தாளாளரிடமும் ரகசியம் என்று சொல்லி வைத்தேன். தலையாட்டினார். ஆனால் மதுரையில் காதுகுத்துக்கே ரோட்டை மறித்து பிளெக்ஸ் வைப்பார்கள். உள்ளூரில் ஒரு கண்டுபிடிப்பு நடந்திருக்கிறது, மனுஷர் சும்மா இருப்பாரா?

திங்கட்கிழமை விளாங்குடியில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். தாளாளர் வெள்ளைச் சட்டையில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வண்டிச் சக்கரம் மாதிரி எஸ்தரின் வாஷர். கீறல், சாய்வு, கனம் என்று எல்லா அளவும் பளிச்சென்று போட்டிருந்தது. எஸ்தரின் முகம் எங்கேயும் இல்லை.

விசாரித்தேன். அலுவலகத்திலிருந்து அவருக்கு, 'உங்கள் படம் உடனே அனுப்பவும்' என்று செய்தி போயிருக்கிறது. அவர்கள் கேட்டது முகத்தை. எஸ்தர் விண்ணப்பத்துக்காக்கும் என்று வாஷரை வரைந்த படத்தை அனுப்பிவிட்டார்.

"என் போட்டோவை யாரு சார் கேக்கப் போறாங்க?" என்றார்.

அனுமதியில்லாமல் வேறொருவர் வெளியிட்டிருந்தால் வாதாடிப் பார்க்கலாம் என்றார் விஸ்வநாத். இங்கே விண்ணப்பிக்கப் போவதும் கல்லூரி, வெளியிட்டதும் கல்லூரி. களவாணியும் நாமே, பறிகொடுத்தவரும் நாமே என்றால் யார் மேல் புகார் கொடுப்பது? தாளாளர் அசரவில்லை. விண்ணப்பம் போட்டாலே மதிப்பெண் உண்டாமே, போடுங்கள் என்றார். போட்டோம். குழு வந்து பாராட்டிவிட்டுப் போனது.

சில மாதம் கழித்து, எழுமலையில் பைப் கடை வைத்திருக்கும் முத்திருளன் என்பவர் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார். தாளாளர் ஊரில் இல்லாததால் என் அறைக்கு அனுப்பியிருந்தார்கள். எஸ்தரும் அங்கே இருந்தார். பஸ்ஸிலிருந்தே பிளெக்ஸை போனில் பிடித்துக்கொண்டு போய், அளவு பார்த்து வெட்டினாராம். அந்தப் பக்கம் தோட்டங்களில் இப்போது அடைப்பே இல்லையாம். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதானே ஐயா ரோட்டில் வைத்தார் என்று நன்றியோடு கேட்டார். ஒரு பாக்கெட்டை எஸ்தரிடம் நீட்டி, எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அட்டையில் 'பாண்டியராஜன் வாஷர்' என்று அச்சடித்திருந்தது.

பொறுக்க முடியாமல், இவர்தான் எஸ்தர் என்றேன்.

"அட, மேடம் பேரு எனக்குத் தெரியுமேண்ணே" என்றார் முத்திருளன். போனில் அந்தப் படத்தை எடுத்து, விரலால் பெரிதாக்கிக் காட்டினார். நான் படிக்காமல் விட்ட பொடி எழுத்து. தாளாளரின் காலடியில், 'வாழ்த்தி வணங்கும்' என்ற வரிசையில், கடைசியாக எஸ்தர் என்று இருந்தது.